நண்டுக்கு நான் வைத்த சிவப்பு

என் தங்கை மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். எனக்கே வரும். துவக்க ஆட்டக்காரி என்றால் பந்து வீசுகிறவளுக்குத் தோளைக் காட்டி, பக்கவாட்டில், அடக்கமாக நிற்க வேண்டும். இவள் பாதி நெஞ்சைக் காட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தவள் மாதிரி நிற்பாள். மட்டை எங்கோ வானத்தைப் பார்க்கும். பந்து அந்தப் பக்கத்திலிருந்து கிளம்புவதற்குள் ஸ்டம்புக்குக் குறுக்கே இரண்டு எட்டு ஊர்ந்துவிடுவாள். அதனால்தான் அவளுக்கு நண்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் மட்டும் இருக்கிறது.

சிரித்தவர்கள் ஸ்கோர் பலகையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம். இருபத்தொரு வயது. இருபது ஓவர் ஆட்டங்களில் இரண்டு சதம். ஒருநாள் அணியில் நிரந்தர இடம். ஆனாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை. பெண்கள் அணிக்கு வருடத்துக்கு ஒரே ஒரு டெஸ்ட்தான், நான்கு நாள் ஆட்டம். "அதுல ஆடாம ரிட்டயர் ஆனா நான் சும்மா மட்டை வச்சிருந்த ஒருத்தி, அவ்வளவுதான்கா" என்பாள். போன வருடமே எடுப்பார்கள் என்று நம்பினோம். இன்னும் வயது இருக்கிறது என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அவள் அழவில்லை. தன் ஷூவை எடுத்து, சுத்தமாக இருந்த ஷூவை, ஒரு மணி நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு அழுதே தொலைத்திருக்கலாம்.

நான் அவளுக்கு அக்கா. அது வீட்டில். கிரிக்கெட் வாரியத்தின் அலுவலகத்தில் நான் ஆட்ட ஆய்வாளர். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, இரண்டு திரை, ஒரு சக்கரம் கழன்ற நாற்காலி. ஆட்டத்தின் ஒவ்வொரு பந்தையும் பார்த்து, மட்டையின் நடுவில் பட்டு நினைத்த இடத்துக்குப் போனால் பச்சைப் புள்ளி வைக்க வேண்டும். விளிம்பில் பட்டாலோ, படாமல் தப்பினாலோ, தடுமாறினாலோ சிவப்பு. கடைசியில் இந்த ஆட்டக்காரி நூறு பந்துக்கு எத்தனை சிவப்பு என்று ஒரே எண்ணாக வரும். தேர்வுக் குழு அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கும்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்போம். வர்ணனையாளர் "ஐயோ, தப்பிச்சாங்க" என்று கத்தினால் நம் விரல் தானாகச் சிவப்பை அழுத்திவிடும். அதனால் ஊமைப் படம்தான். நான் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள், நானும் ஆறு வருடமாக அதை வேதவாக்காக வைத்திருந்தேன்.

எனக்கென்று இன்னொரு வழக்கமும் இருந்தது. அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தங்கச்சிக்கு ஏற்றிப் போட்டாள் என்று எவளும் என் காதுபட ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும், அப்படி ஒருத்தி சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அதனால் நண்டு ஆடும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் சிவப்பு. மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால், போகட்டும் பாவம் என்று பச்சை. இதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததோடு நிற்காமல் உள்ளுக்குள் பெருமையும் பட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வருட டெஸ்டுக்குத் துவக்க ஆட்டக்காரி இடம் ஒன்று காலியாக இருந்தது. இரண்டு பேர் போட்டி. ஒருத்தி நண்டு. இன்னொருத்தியை எல்லோரும் பாடப்புத்தகம் என்று கூப்பிடுவார்கள். முழங்கை, கால், தலை எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். அவள் அவுட் ஆவது கூட அழகாக இருக்கும். திங்கட்கிழமை என் அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பினேன். பாடப்புத்தகம் நூற்றுக்குப் பதினான்கு. நண்டு நூற்றுக்கு முப்பத்தொன்று. கூட்டம் வியாழன் காலை பத்து மணிக்கு.

செவ்வாய் சாயங்காலம் மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துப் போய், அவள் ஆடியதை மறுபடி ஓடவிட்டேன். எங்கே இவ்வளவு தப்பு செய்கிறாள் என்று தெரிந்தால் அவளுக்காவது சொல்லலாம் அல்லவா. அவள் பயிற்சி முகாமில் இருந்தாள். அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் அறைக்குள் போய் ஒரு நிமிடம் நின்று காது கொடுத்தாலே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

"என்ன இது, சத்தமே இல்ல? எழவு வீடு மாதிரி பாக்கற?" என்றார்.

"வர்ணனை இருந்தா வேலைக்கு ஆகாதுப்பா."

"வர்ணனை எவனுக்கு வேணும்? பந்து படற சத்தம் கூடவா இல்ல?"

இருந்தது. ஸ்டம்புக்குள் பொருத்திய மைக்கின் ஒலி தனியாகப் பதிவாகும். யாரும் அதைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். தொணதொணப்பு தாங்காமல் அதைத் திறந்தேன். அப்பா திரும்பியே பார்க்கவில்லை. திருப்புளியைத் திருகிக்கொண்டே, "நல்லாப் பட்டுச்சு" என்றார். அடுத்த பந்து. "இதுவும் நல்லாப் பட்டுச்சு." அடுத்தது. "இது ஓரம்." அடுத்தது. "அடடா, இது நடு மத்தி."

திரையில் அந்த நான்குக்கும் நான் சிவப்பு வைத்திருந்தேன்.

"அப்பா, சும்மா அடிச்சு விடாதீங்க. இதைப் பாருங்க, மட்டை கோணலா போகுது. காலு ஒரு பக்கம், கை ஒரு பக்கம்."

"நான் எதுக்குப் பாக்கணும்? பாத்தா நீ சொல்றதுதான் சரின்னு தோணும்" என்றார். "சத்தம் பொய் சொல்லாதும்மா. நீ அவ நிக்கற லட்சணத்துக்கு மார்க் போட்டிருக்க."

அந்த நொடியில் அப்பாமேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, அவர் சொன்னது உண்மை என்று உடனே தெரிந்துவிட்டதால். நண்டு அந்த ஊர்தலை எங்கே கற்றாள்? நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துமிடத்தில். தலைக்கு மேல் தண்ணீர்க் குழாய்கள், இரண்டு பக்கமும் தூண், எதிரே அடுத்தவர் கார். பந்து மேலே எழும்பிக் குழாயில் பட்டால் அவுட். நேராக அடித்தால் காரின் கண்ணாடி. பந்து தன் கண்ணுக்குக் கீழே வரும்வரை காத்திருந்து, கடைசி நொடியில் மணிக்கட்டால் தரையோடு திருப்பினால்தான் ஓட்டம். எட்டு வருடம் அங்கே அவளுக்குப் பந்து போட்டவள் நான். எனக்கே அது தெரியவில்லை என்றால் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்!

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே அலுவலகத்துக்குப் போய் ஸ்கோரர் அக்காவைப் பிடித்தேன். இருபது வருடமாக ஸ்கோர் எழுதுகிறவர். யாருக்கும் பயப்பட மாட்டார், யாரையும் புகழவும் மாட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"மொத்தம் எத்தன பந்து?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் சேத்து எண்ணூத்தி ரெண்டு. யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியாது. கலைச்சுப் போட்டுத்தான் ஓட்டுவேன். நீங்க சுவரைப் பாத்து உக்காந்து, நடுவா, ஓரமா, படவே இல்லையான்னு மட்டும் சொல்லணும்."

"எண்ணூத்தி ரெண்டா? என் கல்யாணத்துக்குக் கூட நான் இவ்வளவு நேரம் உக்காரல" என்றார். ஆனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வரை உட்கார்ந்தார். பந்துக்கு ஒரு வார்த்தை. நான் வாயைத் திறக்கவே இல்லை, என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். கணக்கு வந்தபோது ஐந்து மணி. நண்டுக்கு நான் வைத்த நூற்றிருபத்தெட்டுச் சிவப்பில் எழுபத்தொன்று மட்டையின் நடுவில் பட்டவை. பச்சை வைத்ததில் நான்கு ஓரம். பாடப்புத்தகத்துக்கு ஆறு சிவப்பு பச்சையானது, இருபத்தேழு பச்சை சிவப்பானது. விளிம்பில் பட்ட பந்தைக் கூட அவள் அவ்வளவு லட்சணமாக ஆடியிருந்தாள், நான் மயங்கிப் பச்சை வைத்திருக்கிறேன். இப்போது அவளுக்குப் பத்தொன்பது. நண்டுக்குப் பதினைந்து.

"இதை நாளைக்கு எப்படிச் சொல்லப் போற?" என்று ஸ்கோரர் அக்கா கேட்டார். "மீட்டிங்குக்கு முந்தின நாள் தங்கச்சி மார்க்கை மாத்தறவளை யாரும் மாலை போட்டுக் கூப்பிட மாட்டாங்க. வேலை போனாலும் போகும்."

"சொல்லாம இருந்தா?"

"சொல்லாம இருந்தா வேலை இருக்கும்" என்றார். தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழன் காலை கூட்ட அறையில் மூன்று பேர் இருந்தார்கள். தேர்வுக் குழுத் தலைவி ஒரு காலத்தில் துவக்க ஆட்டக்காரி. தோற்க வேண்டிய ஒரு டெஸ்டில் ஒரு நாள் முழுக்க நின்று நாற்பத்தொரு ரன் எடுத்துக் காப்பாற்றியவர். அடுத்து கோச், நல்ல மனிதர், எதற்கும் பயப்படுவார். மூன்றாவது, முட்டி தேய்ந்து ஓய்வு பெற்ற வேகப்பந்து வீச்சாளர். அவரை எல்லோரும் வேகக்காரி என்போம். நண்டைப் பற்றி முடிவு எடுக்கும்போது நான் அறையில் இருக்கக் கூடாது என்பது விதி. அறிக்கையைக் கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டும். நான் இரண்டு அறிக்கையையும் மேசையில் வைத்தேன்.

"முப்பத்தொண்ணுன்னு அனுப்பினது தப்பு மேடம். என் தப்பு. பதினஞ்சுதான் சரி" என்று சொல்லி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "திங்கக்கிழமை முப்பத்தொண்ணு. இன்னிக்குப் பதினஞ்சு. ஞாயித்துக்கிழமை வந்தா பூஜ்யம் ஆயிருக்குமா? தங்கச்சிக்குச் சாதகமா ஒரு தப்பை நேத்துதான் கண்டுபிடிச்சியா?"

"சாதகமா செய்யறதா இருந்தா மூணு வருஷம் முன்னாடியே சத்தமில்லாம செஞ்சிருப்பேன் மேடம். இப்படி முட்டாள் மாதிரி உங்க முன்னாடி வந்து நிக்க மாட்டேன்." குரல் உயர்ந்துவிட்டது. கோச் தண்ணீர்க் கிளாசை என் பக்கம் நகர்த்தினார். "என்னை நம்ப வேண்டாம். நீங்களே கேளுங்க. இருபது பந்து. திரும்பி உக்காந்து கேளுங்க."

தலைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பினார். கலைத்துப் போட்ட இருபது பந்தை ஓட்டினேன். "நடு" என்றார். "நடு. ஓரம். நடு." பதினோராவது பந்து ஓடியது. சட்டென்று திரும்பினார். "இது என்ன ஷாட்? யாரு? நேரா அடிச்சதுதானே?"

நண்டுதான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒரு சாண் தள்ளி வந்த பந்து. அவள் குறுக்கே ஊர்ந்து போய், ஒரு காலைத் தூக்கி, அதை எதிர்ப்புறமான லெக் பக்கம் திருப்பியிருந்தாள். பார்க்கக் கண்றாவியாக இருந்தது. தலைவி அதை மூன்று தடவை போடச் சொன்னார். ஒரு தடவை பார்த்து, ஒரு தடவை கண்ணை மூடிக் கேட்டு, மறுபடி பார்த்தார். "இதுவா அந்தச் சத்தம் குடுத்துச்சு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"சத்தம் சரி" என்றார் பிறகு. "ஆனா டெஸ்ட்ல முதல் ஒரு மணி நேரம் பந்தோடது. வெளிய போற பந்தை ஆடாம விடத் தெரியணும். இவ எந்தப் பந்தை விட்டிருக்கா? புதுப் பந்து உள்ள வந்தா, ஸ்டம்புக்கு முன்னாடி ஊர்ந்துக்கிட்டு நிக்கறவளுக்கு அம்பயர் விரலைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"நான் போன மாசம் நெட்ல அவளுக்கு ஆறு ஓவர் போட்டேன்" என்றார் வேகக்காரி. "முட்டி போன பொம்பளைதான், ஆனா எங்க போடணும்னு இன்னும் மறக்கல. வெளிய போட்டா இந்தப் பக்கம் திருப்பறா. காலுக்குப் போட்டா அதே இடம். உள்ள கொண்டு வந்தா கடைசி நிமிஷத்துல மட்டை வந்து நிக்குது. எனக்கு அன்னிக்கு ஓரத்துல பட்டதைப் பிடிக்க ஸ்லிப்ல நாலு பேர் இருந்திருந்தா நாலு பேரும் கையைக் கட்டிக்கிட்டு நின்னிருப்பாங்க. எதிர் அணிக்காரி யோசிக்கட்டுமே, நாம எதுக்கு அவங்களுக்காக யோசிக்கணும்?"

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் கோச். "பாடப்புத்தகம் அவுட் ஆனா நல்ல பந்துன்னு சொல்லுவாங்க. நண்டு அப்படி ஒரு ஷாட்ல அவுட் ஆனா அடுத்த நாள் பேப்பர்ல என் படம்தான் வரும்."

"அப்போ நீங்க உங்க படத்துக்காகத்தான் டீம் எடுக்கறீங்களா?" என்று கேட்டேன். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராது.

தலைவி கதவைக் காட்டினார். வெளியே போனேன்.

நாற்பது நிமிடம் நடைபாதையில் நின்றேன். ஜன்னல் வழியாகக் கீழே முகாமின் வலைப்பயிற்சி தெரிந்தது. நண்டு கால் கவசம் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. என் வேலை போனால் போகட்டும், அவளுக்கு இது கிடைத்துவிட்டால் போதும் என்று நின்றேன்.

கதவைத் திறந்துகொண்டு தலைவி மட்டும் வந்தார். "எடுத்தாச்சு" என்றார். "மூணு பேரும் ஒத்துக்கிட்டோம். உன்னைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். வேலை போகாது, ஆனா அவளோட எந்தப் பந்துக்கும் இனிமே நீ புள்ளி வைக்கக் கூடாது."

"சரி மேடம்."

போகத் திரும்பியவர் நின்றார். "இன்னொண்ணு. போன வருஷம் வயசு இருக்குன்னு சொன்னது மரியாதைக்கு. அப்பவே உள்ள இருக்கற ரெண்டு பேரும் அவ வேணும்னாங்க, கோச் பயந்துக்கிட்டேதான். நான்தான் உன் அறிக்கையைக் காட்டி வாயை அடைச்சேன். சொந்த அக்காவே முப்பதுக்கு மேல போட்டிருக்கா, இன்னும் என்ன வேணும்னு கேட்டேன்." அவர் முகமும் நன்றாக இல்லை. "அதை நீ தெரிஞ்சுக்கணும்."

அந்த ஷூ ஞாபகம் வந்தது. மகிழ்ச்சியும் அவமானமும் ஒன்றாக வந்து நின்றால் மனுஷி என்ன செய்வாள்? படியிறங்கி நேராக வலைக்குப் போனேன்.

"எடுத்துட்டாங்க" என்றேன். அவள் கத்திக்கொண்டு ஓடி வருவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினேன். "முழுசாக் கேளு. போன வருஷம் உன்னை எடுக்காததுக்குக் காரணம் நான். உன் பந்துக்கு நான் தப்பு தப்பா சிவப்பு வச்சேன். யாரும் என்னைக் குத்தம் சொல்லக் கூடாதுன்னு உனக்கு மட்டும் கண்டிப்பா போட்டேன். அதை வச்சுத்தான் விட்டாங்க."

அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். நெற்றியில் வியர்வை ஒட்டியிருந்தது. "ஒரு வருஷம்கா" என்றாள்.

"ஆமா."

"ஒரு டெஸ்ட்."

"ஆமாண்டி. என்னை என்ன வேணா சொல்லு."

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, பந்துக் கூடையை மட்டையால் என் பக்கம் தள்ளினாள். "போடு" என்றாள். "வாயைத் திறக்காத. போடு."

அலுவலகத்துக்கு வந்து ஆறு வருடத்தில் நான் அவளுக்குப் பந்து போட்டதில்லை. அங்கே நாங்கள் அக்கா தங்கையாகப் பேசிக்கொண்டது கூடக் கிடையாது. அன்றைக்கு எல்லோரும் பார்க்க, அலுவலகச் செருப்போடு நின்று போட்டேன். பந்தை நுனியில் செருகி வேகமாக எறிய வைத்திருக்கும் நீளக் கட்டையை எடுத்துக்கொண்டு, புதுப் பந்தாகப் பார்த்து எறிந்தேன். முதல் பந்தை என் முழங்காலைப் பார்த்தே அடித்தாள். இரண்டாவதும் அப்படித்தான். கோபம் இருந்தது, நன்றாகவே இருந்தது. பதினைந்து இருபது பந்துக்குப் பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, ஆட்டம் மட்டும் மிஞ்சியது. குறுக்கே ஊர்ந்தாள், காத்திருந்தாள், கடைசி நொடியில் திருப்பினாள். ஒரு பந்து கூட ஓரத்தில் படவில்லை. அவளுடைய காலையோ முழங்கையையோ நான் பார்க்கவில்லை. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் தங்கை எப்படி ஆடுகிறாள் என்று மட்டும் பார்த்தேன். அப்பப்பா, எவ்வளவு நன்றாக ஆடுகிறாள்!

தலைவி எப்போது வந்து பக்கத்தில் நின்றார் என்று தெரியாது. "எத்தனை பந்து ஆச்சு? எத்தனை தப்பு?" என்று கேட்டார்.

"எண்ணல மேடம்" என்றேன். "என் தங்கச்சி ஆடறா. பாத்துக்கிட்டு இருக்கேன்."

எனக்குக் கண் மறைத்துக்கொண்டு வந்தது. அப்படியே எறிந்ததால் அடுத்த பந்து ஆஃப் ஸ்டம்பை விட்டு எங்கோ போனது. நண்டு அதையும் எட்டிப் பிடித்து லெக் பக்கம் அனுப்பினாள்.

"டெஸ்ட்ல அதை விடணும்டி!" என்று தலைவி கத்தினார்.

"எதுக்கு மேடம் விடணும்?" என்றாள் நண்டு. "நல்லாத்தானே பட்டுச்சு?"

தலைவி என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பந்தை எடுத்தேன்.